அதிவேகமும் அஜாக்கிரதையும்

தமிழில் மிக அதிகமான தடவை எழுதப்பட்ட வாக்கியம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், நான் இலக்கியப் புத்தகம் எதையும் புரட்டமாட்டேன். பக்கத்திலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்கிற வாக்கியம் அங்கே நாள் தவறாமல் எழுதப்படுகிறது. ரோட்டில் ஒருவன் செத்தால் அந்த வாக்கியத்தை எழுதியாக வேண்டும். லாரி வந்து மோதிச் செத்தாலும் அதுதான். சும்மா நிற்கிற லாரியில் போய் மோதிச் செத்தாலும் அதுதான். இரண்டாவது வகையில், செத்தவன்தான் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்தவன் என்று ஆகிவிடும். நிற்கிற லாரிக்கு வேகம் ஏது?

சட்டத்தில் இப்படி இல்லை. "துணிச்சலாகவோ அல்லது கவனக்குறைவாகவோ" என்றுதான் பழைய இந்தியன் பீனல் கோடும் சொன்னது; அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையேதான் சொல்கிறது. அதிலுள்ள "அல்லது" நம் ஸ்டேஷன்களில் "உம்" ஆயிற்று. துணிச்சல், வேகம் ஆயிற்று. இலக்கணப் பிழைதானே, போகட்டும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருப்பேன். என் தங்கை முறைப் பெண் ஒருத்தி இந்தப் பிழைக்குக் கொடுத்த விலை எனக்குத் தெரியும் என்பதால் இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

அவள் என் சித்தியின் மகள். அவள் புருஷன் விசைத்தறி மெக்கானிக். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்துத் தறிக் கூடங்களில் அவருக்கு நல்ல பேர். 2016-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஓர் இரவு வேலை முடிந்து, இரண்டாம் கையாக வாங்கிய சின்னக் காரில் சங்ககிரியை நோக்கித் தனியாக வந்துகொண்டிருந்தார். மணி பதினொன்றரை இருக்கும். மக்காச்சோள மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பின் சக்கரம் பஞ்சராகி, பாதி ரோட்டிலும் பாதி மண்ணிலுமாக நின்றிருந்தது. பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. அடையாளத்துக்கு நாலு கல்லும் ஒரு வேப்பங்கொப்பும் வைத்திருந்தார்கள். அந்தக் கொப்பு அவர் கண்ணில் பட்டதா, படவில்லையா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் அந்தக் காரைப் பார்த்தேன். முன் சக்கரங்கள் சரியாக இருந்தன. எஞ்சினுக்குக்கூடப் பெரிய சேதமில்லை. கண்ணாடி மட்டத்துக்கு மேலே இருந்த பாகந்தான் இல்லை. லாரிக்கு அடியில் கார் நுழைந்திருக்கிறது. லாரியின் தட்டு காரின் உச்சியைச் சீவியிருக்கிறது.

விடியற்காலையில் லாரி டிரைவர் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கை தயாராயிற்று. அதில் என் மைத்துனர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் காரை ஓட்டி வந்து, ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்பக்கம் மோதித் தானே இறந்துபோனார். குற்றவாளி அவர், மாண்டவரும் அவரே. ஆகவே, குற்றவாளி இறந்துவிட்டபடியால் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது. ஒரே காகிதத்தில் வழக்கு பிறந்து வளர்ந்து முடிந்தது.

நான் சட்டக் கல்லூரி வாசற்படியை மிதித்தவனல்ல. ஆனாலும் அதற்குப் பிறகு சில மாதங்கள் மோட்டார் சட்டத்தையும் விதிகளையும் வக்கீல் நண்பர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியந்தான் அதிகமாயிற்று. எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு வண்டியைப் பிறருக்கு ஆபத்து வரும்படி பொது இடத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது 1988-ஆம் வருஷச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு. வண்டி ரோட்டில் நின்றுகொண்டிருந்தாலும் நிறுத்த விளக்குகள் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறது 1989-ஆம் வருஷத்து மத்திய விதிகளில் 109-ஆவது விதி. பின்புறம் ஒளி திருப்பும் சிவப்புப் பட்டை ஒட்ட வேண்டும் என்று ஒரு விதி. முக்கோணப் பலகை வைத்திருக்க வேண்டும் என்று மற்றொன்று. வேப்பங்கொப்பைப் பற்றி எதுவும் காணோம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒரு கம்பி. லாரியின் பின்பக்கம், தட்டுக்குக் கீழே, தரையிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தில் குறுக்காக ஓர் உறுதியான இரும்புத் தடுப்பு இருக்க வேண்டும். காரைச் செய்கிறவன் அதன் மூக்கை நசுங்குவதற்கென்றே செய்கிறான். மூக்கு நசுங்கினால் மோதலின் வேகம் அதிலேயே செலவாகி, உள்ளே இருப்பவன் பிழைப்பான். காற்றுப் பை விரிவதும் மூக்கு எதிலாவது இடித்தால்தான். ஆனால் லாரியின் தட்டு காரின் மூக்குக்கு மேலே இருக்கிறது. தடுப்பு இல்லாவிட்டால் மூக்கு எதிலும் இடிக்காமல் அடியில் வழுக்கிக்கொண்டு போகும். முதலில் இடிபடுவது ஓட்டுகிறவன் தலை. 1967-இல் அமெரிக்காவில் ஜேன் மான்ஸ்ஃபீல்டு என்ற சினிமா நடிகை நியூ ஆர்லியன்ஸ் பக்கம் இப்படித்தான் ஒரு பெரிய லாரியின் அடியில் கார் புகுந்து இறந்தாள். அந்த நாட்டு ஜனங்கள் இன்றைக்கும் அந்தத் தடுப்பை அவள் பேரால் அழைக்கிறார்கள். பேர் வைத்தார்களே தவிர, அதற்கு உறுதியான தரம் விதித்து அமலாக்க அங்கேயும் 1998 ஆயிற்று. நம் நாட்டிலும் இந்திய தரக் குழு இதற்கு ஓர் இலக்கணம் எழுதி வைத்திருக்கிறது. விதியில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

என் மைத்துனர் மோதிய லாரியில் அது இல்லை. போலீஸ் காகிதத்தில் இல்லை என்றும் இல்லை, இருந்தது என்றும் இல்லை. அந்தக் கேள்வியே அங்கே எழவில்லை. மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் லாரியைப் பார்வையிட்டு, இயந்திரக் கோளாறினால் விபத்து நேரவில்லை என்று சான்று கொடுத்தார். வாஸ்தவம். நின்ற லாரியின் இயந்திரத்தில் என்ன கோளாறு இருக்க முடியும்?

பிறகு நஷ்டஈட்டு வழக்கு. இதில் ஒரு கணக்கு உண்டு; வாசகர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். இது யாருக்கு எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது. செத்தவருடைய மாத வருமானம் இருபத்தையாயிரம் என்றாள் தங்கை. தறி மெக்கானிக்குக்குச் சம்பளச் சீட்டு யார் கொடுக்கிறார்கள்? தீர்ப்பாயம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டது. நாற்பது வயதுக்குக் கீழே சொந்தத் தொழில் செய்தவருக்கு எதிர்கால உயர்வு என்று நூற்றுக்கு 40 சேர்க்க வேண்டும் என்பது 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விதி. ஆக 16,800. மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார் என்று நாலு பேர் அவரை நம்பியிருந்ததால், அவர் தனக்கென்று செலவழித்திருக்கக் கூடியதாக நாலில் ஒரு பங்கு கழிவு. மாதம் 12,600, வருஷத்துக்கு 1,51,200. அவருக்கு வயது 38. அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 15. மொத்தம் 22,68,000 ரூபாய். சில்லறை இனங்கள் தனி.

இது வரையில் நான் குறை சொல்லமாட்டேன். ஒரு மனிதனை எண்ணாக்க வேண்டியிருந்தால் இப்படித்தான் ஆக்க முடியும். ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்து அந்த முதல் தகவல் அறிக்கையைக் காட்டினார். அறிக்கை வெறும் தகவல்தான், அதுவே சாட்சியமல்ல என்று வக்கீல்கள் எல்லாரும் சொல்வார்கள். அந்த எதிர்க் கட்சி வக்கீலும் வேறொரு வழக்கில் அப்படித்தான் சொல்வார். எங்கள் வழக்கில் அது வேலை செய்தது. லாரிக்காரன் விளக்கில்லாமல் நிறுத்தியது தப்பு. கார்க்காரர் முன்னால் இருப்பதைக் கவனிக்காதது தப்பு. ஆளுக்குப் பாதி என்று 2019-இல் தீர்ப்பாயிற்று. 11,34,000 ரூபாய் அந்த ஒரு வாக்கியத்தோடு போயிற்று.

தீர்ப்பைத் தங்கைக்கு நான்தான் படித்துச் சொன்னேன். "பங்களிப்பு அஜாக்கிரதை" என்று வக்கீல் குமாஸ்தா தமிழ்ப்படுத்தியிருந்தார். அவள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏனுங்கண்ணா, அந்த பல்பு எரியாததுல இவரு பங்கு என்னங்கண்ணா?" என்று கேட்டாள். வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் லாரி டிரைவரைத் திட்டுவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. அது எனக்குச் சுலபம். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு பாத்திரத்தைத் தீர்த்துவிட வேண்டுமானால் குடித்துவிட்டு வருகிற லாரி டிரைவர் ஒருவனை அனுப்புவேன். இரண்டு நாவல்களில் அப்படிச் செய்திருக்கிறேன். என் டிரைவர்களுக்கு நான் பேர்கூட வைத்ததில்லை என்பதை இப்போது வெட்கத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

அந்த லாரியை ஓட்டியவரைக் கோர்ட் வராந்தாவில் ஒரு நாள் பார்த்தேன். ஓமலூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். முதலாளி வரவில்லை, அவர் ஒருதலைப்பட்சமாக விடப்பட்டிருந்தார். இவர் வந்திருந்தார். நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"பின்னாடி பல்பு போயிருச்சுன்னு மூணு நடையாச் சொல்லிட்டு இருந்தனுங்க. லோடு எறக்கிட்டு வா, பாத்துக்கலாம்னாங்க. அன்னைக்கு மொத நாள் வெடியால வண்டி எடுத்தது. கிளீனரு கெடையாது. டயரைக் கழட்டறதா, பின்னாடி நின்னு கைய ஆட்டறதா, சொல்லுங்க சார்?"

நான் என்ன சொல்ல முடியும்? முதல் நாள் விடியற்காலை எடுத்த வண்டி. மறுநாள் இரவு பதினொன்றரைக்கு அவர் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் எத்தனை மணி தூங்கினார் என்று கேட்டேன். மூட்டை ஏற்றும்போது ஸீட்டில் கொஞ்சம் சாய்ந்ததாகச் சொன்னார். அன்று அமலில் இருந்த 1961-ஆம் வருஷத்து மோட்டார் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று சொன்னது. லாரி டிரைவர்களுக்கு அந்தக் கணக்கே பொருந்தும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆவது பிரிவும் சொன்னது. அறுபது வருஷத்துக்கு மேல் புத்தகத்தில் இருந்துவிட்டு, 2025 நவம்பரில் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் தொகுப்புக்குள் போய்விட்டது. எட்டு மணி என்ற எண் அங்கேயும் பத்திரமாக இருக்கிறது. லாரிப் பேட்டையில் போய் எட்டு மணி என்று சொல்லிப் பாருங்கள். வேடிக்கைக்காரன் என்று நினைத்து உட்கார வைத்துப் பேசுவார்கள்.

சட்டம் செய்கிறவர்களுக்கு இந்த மனிதரிடம் காட்டத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தண்டனை. பழைய சட்டத்தில் இரண்டு வருஷம் வரை இருந்ததைப் புதிய சட்டம் ஐந்து வருஷம் வரை ஆக்கியது. விபத்து நேர்ந்து, போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடிவிட்டால் பத்து வருஷம் வரை என்று 106-ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவும் வைத்தார்கள். 2024-ஆம் வருஷம் பிறந்த அன்றே வடக்கே லாரிகள் நின்றன. பெட்ரோல் பங்குகளில் வரிசை கட்டி ஜனங்கள் நின்றார்கள். இரண்டே நாளில் சர்க்கார் இறங்கி வந்தது. ஜூலையில் மற்றப் பிரிவுகளெல்லாம் அமலுக்கு வந்தபோது அந்த ஓர் உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஓடுகிறவனைத் தண்டிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ரத்தம் போய்க்கொண்டிருக்கிற ஒருவனை விட்டுவிட்டு ஓடுவது பாவம். ஆனால் அவன் ஏன் ஓடுகிறான் என்பது சட்டத்துக்கே தெரியும். அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது டிரைவரின் கடமை என்று விதிக்கும் 134-ஆவது பிரிவு, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனாலொழிய என்று ஒரு விலக்கும் சொல்கிறது. கட்டி வைத்து அடிப்பார்கள் என்று தெரிந்தே எழுதிய சட்டம் அது. அடிக்கிற கூட்டத்தில் நாமும் இருக்கிறோம். அந்தக் கூட்டம் எந்த லாரி முதலாளியின் வீட்டைத் தேடியாவது போனதுண்டா? சரக்கு நாளைக் காலை ஆறு மணிக்கு வந்தாக வேண்டும் என்று போனில் மிரட்டிய வியாபாரியின் பேர் அதற்குத் தெரியுமா?

தொப்பூர்க் கணவாயைத் தெரியாத லாரிக்காரர் தமிழ்நாட்டில் கிடையாது. 2020 டிசம்பரில் சிமெண்டு லாரி ஒன்று அந்த இறக்கத்தில் கட்டுக்கு அடங்காமல் போய், முன்னால் நின்ற கார்களை வரிசையாக இடித்து நாலு பேரைக் கொன்றது. 2024 ஜனவரியில் அதே இறக்கத்தில் மறுபடியும் நாலு பேர். இறக்கத்தில் நியூட்ரலில் போகாதே என்று அங்கே டிரைவர்களுக்கு எச்சரிக்கை செய்துகொண்டே இருக்கிறார்கள். நியூட்ரலில் இறக்கினால் எஞ்சினின் பிடிப்பு இல்லை. பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுந்து, பிரேக் காய்ந்து, கடைசியில் பிடிக்காது. இது அந்த டிரைவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் சிலர் ஏன் செய்கிறார்கள்? நடைக்கு இத்தனை லிட்டர் டீசல் என்று அளந்து கொடுத்து, கூடினால் படியில் பிடிக்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் கணக்கு நோட்டு எந்த விபத்து வழக்கிலும் சாட்சிப் பொருளாக வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. காகிதத்தில் வருவது, மாமூலாக, அதிவேகம்.

இனி இந்த வாக்கியம் செய்கிற பெரிய தீங்கைச் சொல்கிறேன். 2022-ஆம் வருஷம் இந்தியாவில் ரோட்டு விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். மத்திய சர்க்கார் வெளியிட்ட அறிக்கையில் இந்தக் கணக்கு இருக்கிறது. காரணம் என்ன என்று அதே அறிக்கை பட்டியல் போடுகிறது. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் "அதிக வேகம்". இந்த எண்ணைக் காட்டித்தான் மந்திரிகள் பேசுகிறார்கள், பத்திரிகைகள் தலையங்கம் எழுதுகின்றன. இந்த எண் எங்கிருந்து வந்தது? ஸ்டேஷன் காகிதங்களைக் கூட்டி வந்தது. வேகத்தை அளந்து கூட்டியது அல்ல. வாக்கியத்தை எண்ணிக் கூட்டியது. என் மைத்துனர் எத்தனை மைல் வேகத்தில் வந்தார் என்று யாரும் அளக்கவில்லை. ஆனால் அவர் இறந்த வருஷத்து அதிவேகக் கணக்கில் அவரும் ஒருவர். அதே 2022 அறிக்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு விபத்து பின்னால் போய் மோதியது என்று இருக்கிறது. அவற்றில் எத்தனை விளக்கில்லாத லாரி, எத்தனை தடுப்புக் கம்பியில்லாத லாரி என்று பிரித்துப் பார்த்திருந்தால், நாம் செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்திருக்கும்.

லாரி முதலாளிகள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள். அவர்களிலும் பாதிப் பேர் தவணை கட்ட முடியாமல் தவிக்கிற ஒற்றை லாரிக்காரர்கள் என்பது எனக்குத் தெரியும். சங்ககிரிப் பக்கத்தில் என் உறவிலேயே இருக்கிறார்கள். வாடகையைப் புக்கிங் ஆபீஸ்காரர் சொல்கிறார். டீசல் விலையை வேறு யாரோ சொல்கிறார்கள். மிஞ்சுகிற இடம் டயரும் பல்பும் டிரைவரின் தூக்கமுந்தான். இருக்கட்டும். அந்த மிச்சத்தை என் தங்கை ஏன் கட்ட வேண்டும் என்பதே என் கேள்வி. அதிகப் பாரத்துக்கு 2019-இல் அபராதத்தை 20,000 ரூபாயும், டன்னுக்கு 2,000 வீதம் மேற்கொண்டும் என்று உயர்த்தினார்கள். அதைக்கூட வழியில் மடக்கி டிரைவர் கையில்தான் சீட்டைக் கொடுக்கிறார்கள். ஏற்றச் சொன்ன வியாபாரி குளிர்ந்த அறையில் இருக்கிறார்.

உச்ச நீதிமன்றத்துக்கு இது விளங்காமல் இல்லை. விளக்கில்லாமல் ராத்திரி நடு ரோட்டில் நிறுத்தியிருந்த காஸ் டாங்கரில் மோதிய ஒரு காரைப் பற்றி 2018-இல் தீர்ப்புச் சொன்னது. ஹைகோர்ட் பாதிப் பாதி என்று பிரித்திருந்ததை ரத்துச் செய்து, முழுப் பொறுப்பும் டாங்கருக்கே என்றது. 2024 செப்டம்பரில் இன்னொரு வழக்கிலும், எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நெடுஞ்சாலையில் விட்டுவைத்த பெரிய லாரிக்கே முழுப் பொறுப்பு என்று சொன்னது. இவ்வளவு தூரம் டில்லி வரை போகிறவர்கள் எத்தனை பேர்? எங்கள் அப்பீல் சென்னையில் இன்னும் நிலுவையில் இருக்கிறது. தங்கையின் மூத்த பையன் காலேஜுக்குப் போய்விட்டான்.

நான் கேட்பது புதுச் சட்டம் அல்ல. 2022 ஏப்ரலிலிருந்து விபத்து நடந்த 48 மணி நேரத்தில் முதல் அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை என்று படிவங்கள் வந்திருக்கின்றன. நல்ல படிவங்கள்தான், கட்டங்கள் நிறைய இருக்கின்றன. நிரப்புகிற கை பழைய கையாக இருக்கிறது. லாரி சம்பந்தப்பட்ட சாவு என்றால், பின்விளக்கு எரிந்ததா, தடுப்புக் கம்பி இருந்ததா, எடை மேடைச் சீட்டு என்ன சொல்கிறது, டிரைவர் கடைசியாக எப்போது படுத்துத் தூங்கினார், சரக்கு யாருடையது, எத்தனை மணிக்கு வந்து சேரச் சொன்னார்கள் என்பதை எழுதி, அதற்குப் பிறகு வேண்டுமானால் அதிவேகத்தை எழுதட்டும். இன்ஸ்பெக்டர்கள் ஆள் போதாது என்பார்கள். சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து ஒரு கம்பி இருக்கிறதா என்று பார்க்க எத்தனை ஆள் வேண்டும்?

போன மாதம் சங்ககிரிப் பேட்டை வழியாகப் போனபோது, அப்போதுதான் எப்.சி. முடித்துப் பெயிண்டு பளபளக்க நின்ற ஒரு லாரியைப் பார்த்தேன். பின்னால் சிவப்புப் பட்டை புதிது. விளக்குகள் இரண்டும் எரிந்தன. குனிந்து பார்த்தேன். டிரைவர் இளவட்டம்; என்னங்க பார்க்கிறீர்கள் என்று இறங்கி வந்தார். தடுப்புக் கம்பி எங்கே என்று கேட்டேன்.

"எப்.சி.க்கு மாட்டியிருந்தோமுங்க. மண்டியில பின்னால எடுக்கறப்ப இடிக்குது. கழட்டி செட்டுல போட்டிருக்குதுங்க."